குசினிக்குள் நின்ற ஆதம்பாவா

எருக்கலம்பிட்டியில் சங்கு குளிக்கிறவர்களுக்குள் ஆதம்பாவா கொஞ்சம் பேர்போனவர். மற்றவர்கள் இரண்டு தரம் இறங்கி எடுப்பதை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு மேலே வருவார். கரையில் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைக் காப்பாற்றப் போய்த்தான் தன் வாழ்நாளில் செய்த மிகக் கேவலமான காரியத்தைச் செய்தார். அப்படிச் சொன்னது நானல்ல. அவரே தன் மகளிடம் சொன்னார், மகள் என்னிடம் சொன்னா.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அரிசிக் கப்பல் வராமல் போன காலம் அது. கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கிழமையில் மூன்று நாளைக்குக் காணாது. அந்த வருடம் ஆவணியில் அவர் மனைவி உம்மு ஸல்மா மூன்றாவது பிள்ளையைப் பெற்றா. பிள்ளை தங்கவில்லை. தாய்க்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது இடுப்புக்குக் கீழே பலமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, "நாளெடுக்கும், ஆனால் நடப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். ஆதம்பாவாவின் தங்கை நசீறா மறிச்சுக்கட்டியிலிருந்து வந்து நாற்பது நாள் நின்றா. அவவுக்கும் குடும்பம் இருக்கிறது. போய்விட்டா.

வீட்டில் மூன்றரை வயது உம்மு குல்சூமும், இரண்டு வயது நிரம்பாத ஹலீமும். இரண்டும் சோறு, சோறு என்று அழும். சோறு இல்லை. பின்வளவில் பூசணி காய்த்துக் கிடந்தது, வேலியில் முருங்கை நின்றது, வற்றாளங்கிழங்கு எங்கும் கிடைத்தது. அவித்துப் பிசைந்து வாயில் வைத்தால் மகள் பல்லைக் கடித்துக்கொள்வா. மகன் துப்பிவிடுவான். நான்கு நாளில் ஹலீமின் கன்னம் ஒட்டிப்போயிற்று.

ஐந்தாம் நாள் விடியற்காலை ஆதம்பாவா குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவித்த பூசணியோடு ஒரு பிடி குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்தார். கை சும்மா இருக்கவில்லை. உருண்டையைத் தட்டி, வாலை நசுக்கி, செதிலுக்கு நகத்தால் கீறி, கண்ணுக்கு ஒரு பயறு வைத்தார். மீன். ஓலையில் வைத்து அவித்து எடுத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது.

"இது என்ன மீன் வாப்பா?" என்று கேட்டா மகள்.

"மஞ்சள் பாரை. கெதியாச் சாப்பிடு, நீந்திப் போயிடும்."

முழுதும் சாப்பிட்டா. தம்பியும் தலையைக் கடித்தான்.

பிறகு நாளுக்கொன்று வந்தது. வற்றாளங்கிழங்கை மசித்துப் பனங்கட்டித் தூள் தொட்டுச் சங்கு சுற்றினார். முருங்கையிலையை வதக்கி அரைத்து, அவித்த பயறோடு பிசைந்து பச்சைத் திருக்கை தட்டினார். அதன் வாலுக்கு ஒரு பிஞ்சுப் பயற்றங்காய். பிள்ளைகள் வாலைத்தான் முதலில் கடிக்கும். கட்டிலில் கிடந்த ஸல்மாவுக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுப்பார். "இதுக்கு முள்ளு இல்லையே?" என்று கேட்பா அவ. அந்த வீட்டில் மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு அப்போது கேட்டது.

ஆனால் கதவைத் திறந்து வெளியே வந்தால் அவர் வேறு ஆள். ஆம்பிளை அடுப்படியில் குந்தியிருந்து மீன் பொம்மை செய்கிறான் என்று கரையில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதே நினைப்பு. மகளைப் பிடித்து வைத்துச் சொன்னார்: "வாப்பா சமைக்கிறது வெளியில சொல்லப்படாது. ஆரும் கேட்டா உம்மா எண்டு சொல்லு." மூன்றரை வயதுப் பிள்ளை தலையாட்டினா.

கடலுக்குப் போகும் நாட்களில் பிள்ளைகளைச் சம்மாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவார். தோணிகளின் சொந்தக்காரரான அப்துல் றசாக்தான் சம்மாட்டி. அவர் மனைவி சரீபாவுக்கு முழங்கால் வருத்தம், ஆனாலும் ஸல்மாவின் மேல் இரக்கப்பட்டு, "பாவம், அசைய ஏலாம கிடக்கிறா, பிள்ளையளை இஞ்ச விடு" என்று தானாகச் சொன்னவ. தைமாதம் ஒருநாள் குல்சூமின் ஓலைப்பெட்டியைத் திறந்து திருக்கையைப் பார்த்து அதிசயித்துப்போனா.

"ஆர் புள்ள செஞ்சது?"

"உம்மா" என்றா குல்சூம்.

அந்த நேரம் ஆதம்பாவா வாசலில் நின்றார். சரீபா அவரைப் பார்த்தா. "ஓம் மாமி," என்றார் அவர். "இப்ப கொஞ்சம் எழும்பி இருக்கிறா."

அவ்வளவுதான் சொன்னார். சரீபாவின் முகம் மாறியதை அவர் கவனிக்கவில்லை.

மாசியில் சம்மாட்டியின் பேரனுக்குச் சுன்னத்துக் கலியாணம் வைத்தார்கள். அதற்கு முந்தின கிழமை ஒருநாள் பின்னேரம் ஆதம்பாவா குசினியில் பூசணிமா பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் சரீபாவின் குரல் கேட்டது. அவர் கதவை மெல்லச் சாத்தினார். இடையில் ஓலைத்தட்டி மட்டுமே. பேச்சு ஒவ்வொன்றும் கேட்டது.

"ஸல்மா, அடுத்த கிழமை வெள்ளிக்குச் சின்னப் பிள்ளையள் நிறைய வரும். உன்ர கையால அந்த மீனில ஒரு அம்பது செஞ்சு தா."

"என்னால ஏலாது மாமி. குறை நினையாதேங்கோ."

"பிள்ளையளுக்கு எண்டா ஏலுது?"

சரீபா மூச்சு வாங்கக் கதிரையில் இருந்த சத்தம் கேட்டது.

"நீ அசைய ஏலாம கிடக்கிறாய் எண்டுதான் இந்த முழங்காலோட உன்ர பிள்ளையளுக்குப் பின்னால ஓடினனான். நீ இஞ்ச சங்கும் மீனும் செஞ்சு கொண்டிருக்கிறாய். இதென்ன நடிப்பு? அல்லாஹ் பொறுக்க மாட்டான்." பிறகு, "குசினியில புகை வருது. ஆர் அங்க?" என்று கேட்டா.

ஆதம்பாவாவின் இரண்டு கையிலும் மா. கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஆருமில்லை மாமி," என்றா ஸல்மா. "அடுப்பு அணையாமக் கிடக்கு."

அடுத்த நாள் காலை சம்மாட்டி வீட்டு வாசலில் பிள்ளைகளை வாங்க ஆளில்லை. "தாய் பார்க்கட்டும்" என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டா சரீபா. ஆதம்பாவா கடலுக்குப் போகவில்லை. காலில் கல் வெட்டிவிட்டது என்று சம்மாட்டியிடம் சொல்லி அனுப்பினார். கிணற்றடியில் பெண்கள் ஸல்மாவைப் பற்றிப் பேசியது நாலாம் நாள் அவர் காதுக்கும் வந்தது. "கட்டில் ராணி" என்று பேர் வைத்திருந்தார்கள். எதிரே வந்த ஒருத்தி அவரைப் பார்த்து, "பாவம் இந்த மனிசன்" என்று சொல்லிக்கொண்டு போனா. ஆதம்பாவா தலையைக் குனிந்துகொண்டார். பரிதாபத்தை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

எட்டாம் நாள் ஸல்மாவுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "நான் உள்ளுக்க நிக்கிறன் எண்டு அண்டைக்கு ஏன் சொல்லயில்லை?"

அவ முகத்தைத் திருப்பவில்லை. "சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். நீங்கள் வெளியில வருவீங்கள் எண்டு கொஞ்ச நேரம் பார்த்தன். நீங்கள் வரயில்லை. பிறகு நான் சொன்னா, உள்ளுக்க நிண்டும் வராதவர் எண்டு தெரிஞ்சு போகுமே."

ஆதம்பாவாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பூசணி இரண்டை வெட்டினார். குசினிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டே செய்தார். ஜும்மா முடிந்ததும் பெரிய ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சம்மாட்டி வீட்டுப் பந்தலுக்குப் போனார். ஆண்கள் பாயில் இருந்தார்கள். தோணிக் கூட்டாளிகள் எல்லாரும் இருந்தார்கள்.

"பொண்டாட்டி செஞ்சு அனுப்பிட்டாவா?" என்றார் சம்மாட்டி, சிரிக்காமல்.

"நான் செஞ்சனான்," என்றார் ஆதம்பாவா. பெண்கள் பகுதிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "எல்லாம் நான்தான் செஞ்சனான். ஸல்மா ஆறு மாசமாக் கட்டிலை விட்டு இறங்கயில்லை. அவ செஞ்சா எண்டு பொய் சொன்னது நான். பிள்ளைக்கும் பொய் பழக்கினனான்."

வஸீர் என்ற சங்குக் குளிகாரன் முதலில் சிரித்தான். அவன் கையால் மீன் தட்டுவதுபோல் காட்ட, பாய் முழுதும் சிரித்தது. அதற்கு ஆதம்பாவா மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் அப்துல் றசாக் சிரிக்கவில்லை.

"சரி, சமைச்சாய். அதில என்ன குறை? பொம்பிளையைப் பொய்க்காரியாக்கி ஊர் பேசுது. இந்த எட்டு நாளும் நீ என்ன செஞ்சனீ?"

சிரிப்பு நின்றது. ஆதம்பாவா பெட்டியை வைத்துவிட்டு நின்றார். அதற்குள் சின்னப் பிள்ளைகள் பெட்டியைச் சூழ்ந்துவிட்டன. பூசணியென்றால் ஓடுகிற பிள்ளைகளும் ஆளுக்கிரண்டாய் அள்ளிக்கொண்டு போயின.

சரீபா அன்று அந்திக்கே ஸல்மாவிடம் வந்தா. இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆதம்பாவா முற்றத்தில் நின்றார், உள்ளே போகத் துணியவில்லை. அடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் திரும்பவும் சம்மாட்டி வீட்டுக்குப் போனார்கள். கிணற்றடிப் பேச்சு அடங்க இன்னும் நாளெடுத்தது. வைத்த பேர் சில வாய்களில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஸல்மா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சுவரைப் பிடித்து நடந்தா. ஆதம்பாவாவுக்கும் ஒரு பேர் வந்தது: திருக்கைக் காக்கா, அதாவது திருக்கை அண்ணன். கூப்பிட்டால் ஓம் என்பார். பிள்ளை இலைக்கறி தின்னுதில்லை என்று தாய்மார் வாசலுக்கு வந்தால், வெளிமுற்றத்தில் குந்தியிருந்து செய்து காட்டுவார். அவர்கள் போகும்போது, "உங்களைப் போல ஒரு மனிசன் கிடைக்க ஸல்மா குடுத்து வச்சவ" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் அவர் இருக்கமாட்டார். கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். உள்ளே ஸல்மா பாத்திரங்களை எடுத்து வைப்பா.