எழிலரசி ஏற்காத பழி

செங்கம் ரோட்டில் சக்கரபாணியின் ஸ்டுடியோவில் எழிலரசி போட்டோ திருத்தும் வேலை பார்த்தாள். அடி அண்ணாமலைப் பெண். அவள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. எங்கள் வீட்டில் என்னுடையது. பக்கத்து மேஜையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவள் கோபம் நன்றாகவே புரியும்.

விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் முதலாளி கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தார். 2006 தையில் பழைய டிஸ்க் நிரம்பிவிட்டது. எழிலரசி கல்யாணப் போட்டோக்கள் இருந்த ‘கல்யாணம்’ டைரக்டரியைப் புது டிஸ்குக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு லிங்க் வைத்தாள். அதைத் திறந்தால் புது டிஸ்கில் இருக்கும் போட்டோக்களே தெரியும். அங்கே தனியாக ஒன்றும் கிடையாது.

“சார், பழைய எடத்துல இருக்கறது வழி காட்டறது மட்டுந்தான். சரக்கு புதுசுல இருக்குது. அதுல கை வெச்சிடாதீங்க.”

“எனக்கே பாடமா? போம்மா, லேமினேஷனப் பாரு.”

படித்தவளின் உழைப்பு வேண்டும், பேச்சு மட்டும் வேண்டாம்!

மாசியில் அவள் லீவு போட்ட ஒரு நாள், முதலாளி இரண்டு டிஸ்கையும் திறந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே கல்யாணம்.

“ஒரே போட்டோவ ரெண்டு எடத்துல வெச்சி அடைக்கறா பாரு!”

புது டிஸ்கில் இருந்ததை அடியோடு அழித்தார். நான் எழுந்து ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. லிங்க் இருந்தது, அது காட்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ துடைத்தாயிற்று.

போனதில் இன்னும் ஆல்பம் போடாதது எழிலரசியின் ஊர்க்காரர் வேணுவுடைய மகள் ரேவதியின் கல்யாணம். மறுநாள் எழிலரசி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஆல்பம் கேட்டு வேணுவே வந்து முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எழிலு, உங்க ஊர்க்காரருதானே? நீ தெரியாம அழிச்சிட்டேன்னு சொல்லிடு. பொம்பளப் புள்ளய இன்னா பண்ணிடப் போறாரு? நான்னு தெரிஞ்சா கடை பேரு கெட்டுடும்.”

“என் பேரு கெட்டா பரவால்லியா சார்?”

“உனக்கு இன்னாம்மா பெரிய பேரு?”

நான் வாய் திறப்பதற்குள் அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். முதலாளியும் நானும் பின்னாலேயே போனோம்.

“மாமா, ரேவதி போட்டோ எல்லாம் போயிடுச்சி. அழிச்சது இவரு. கை வெக்காதீங்கன்னு சொல்லியும் அழிச்சாரு. இப்ப பழிய என்மேல போட்டுக்கச் சொல்றாரு.”

வேணு எழுந்தார். “நீ இருக்கறேன்னுதாம்மா இந்தக் கடைக்கே வந்தேன். யோவ், ஊர்ப் பொண்ணு தலையில கட்டப் பாத்தியா?”

“நாளையிலேர்ந்து வராத!” என்று முதலாளி அவளைப் பார்த்துக் கத்தினார்.

“நாளைக்கி இன்னா, இப்பவே போறேன். அதுக்கு முன்னாடி அந்த டிஸ்கக் கழட்டி மாமா கையில குடுங்க. அழிச்சத எடுக்கறவங்க சென்னையில இருக்காங்க. கிடைக்குமான்னு தெரியாது. செலவு உங்களுது.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.