உவரிக்குப் போகாத லீக்

பத்து நாளைக்கு முன் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். சீப்பிலிருந்து காயைப் பிரித்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்கதான ஃபுட்பால் லீக்குக்கு செக்ரட்டரி? உவரிக்காரங்களைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிட்டீங்களாமே. அம்புட்டு மோசமாவா ஆடினாங்க?"

"இல்லையே. நல்லாத்தான் ஆடினாங்க."

"பின்ன எதுக்குத் தள்ளினீங்க?"

காயைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஊரில் உள்ள எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறவன் நான். ஒரு வாழைக்காய்க் கடைக்காரர் கேட்ட நேரான கேள்விக்கு வாயைத் திறக்க முடியவில்லை. சரி, அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லீக்கைப் பெற்றெடுத்தவர் வக்கீல் ஜெபமணி. அவருக்குச் சீமையிலிருந்து தபாலில் பத்திரிகைகள் வரும். எல்லாம் ஒன்றரை மாதப் பழசு. அதனால் என்ன? அங்கே எந்த டீம் ஜெயித்தது, எந்த டீம் தோற்றது என்று இன்று காலையில் நடந்ததுபோல் சொல்லுவார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாள் என்னையும் இன்னும் சிலரையும் வீட்டுக்கு வரவழைத்தார். ஹாலில் நாற்காலிகள் போட்டிருந்தன. காப்பி வந்தது. பின்னாலேயே பிரசங்கமும் வந்தது.

"இங்கன நடக்குததுக்குப் பேரு மேட்சா வே? சனிக்கிழமை வாரேம்பான். அவன் வாரதுக்கு நாம கோடு போட்டுக் காத்துக் கெடப்போம். வரமாட்டான். சீமையிலயும் இதே கூத்துத்தான் நடந்திருக்கு. ஒரு துணிக்கடைக்காரர்தான் பன்னெண்டு கிளப்பைக் கூட்டி உக்கார வச்சு, 'எவன் எவன்கூட, என்னைக்கு, எங்க ஆடணும்னு எழுதி வைப்போம், எழுதினபடி வந்தாகணும்'னு சொன்னாரு. அதுதான் லீக்கு."

விதிகள் எளியவை. ஒவ்வொரு டீமும் மற்ற டீமுடன் இரண்டு தடவை ஆட வேண்டும். ஒரு தடவை தன் ஊரில், ஒரு தடவை அடுத்தவன் ஊரில். ஜெயித்தால் இரண்டு பாயிண்ட், சமமானால் ஒன்று. மேல் டிவிஷனில் கடைசியாக வருகிறவன் கீழே இறங்குவான். கீழ் டிவிஷனில் முதலாவதாக வருகிறவன் மேலே ஏறுவான்.

"இதுல வக்கீல்னும் கிடையாது, வண்டிக்காரன்னும் கிடையாது. பாயிண்டு டேபிள் சொல்லுததுதான் தீர்ப்பு" என்றார் ஜெபமணி.

எங்களுக்குப் புல்லரித்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அந்த ஒரே தகுதிக்காக என்னை செக்ரட்டரி ஆக்கினார்கள்.

மேல் டிவிஷனில் யார் யார்? அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் — வக்கீலின் கிளப், வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், ஜவுளிக்கடைக்காரர்கள். கீழ் டிவிஷனில்? கூட்டத்துக்கு அழைக்கப்படாதவர்கள் — முக்கூடல், திருச்செந்தூர், உவரி. அவர்களுக்கு வீட்டு மைதானம் என்று எதுவும் கிடையாது. எல்லாரும் பாளையங்கோட்டைக்கு வந்துதான் ஆட வேண்டும். இதில் என்ன நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

உவரிக்காரர்கள் கருவாட்டு வண்டிகளோடு வருவார்கள். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு மைதானத்துக்கு நடப்பார்கள். கேப்டன் பெயர் மிக்கேல். கட்டுமரத்தில் போகிற மனுஷன். முப்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. மணலில் ஓடிப் பழகிய அந்தக் கால்களுக்கு எங்கள் கட்டாந்தரை கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. நான்கு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள்.

அதே வருஷம் மேல் டிவிஷனில் கடைசியாக வந்தது யார் தெரியுமா? வக்கீலின் கிளப். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆட்டத்துக்கு முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு போட்டோ பிடித்துக்கொள்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. போட்டோவோடு மேட்ச் முடிந்திருந்தால் அவர்கள்தான் சாம்பியன்!

கமிட்டி கூடியது. டேபிள் சொன்ன தீர்ப்பை நான் வாசித்தேன். வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"சீமை லீக்குல ஆதியில என்ன வழக்கம்? கடைசியா வந்தவனை ஒரேயடியாத் தூக்கி எறியல. மத்த கிளப்புகள் ஓட்டுப் போட்டு, 'இவன் இருக்கட்டும்'னு சொன்னா இருக்கலாம்."

வாத்தியார்கள் டீமின் கேப்டன் டேனியல் வாத்தியார் மெல்லச் சொன்னார். "சார், அந்த வழக்கத்தை மேல் டிவிஷன்ல அவங்களே எப்பவோ விட்டுட்டாங்களே. அதுக்கப்புறம் கீழ இருக்கவனையும் மேல இருக்கவனையும் மோத விட்டுப் பாத்தாங்க..."

உவரியோடு மோதுவது என்றதும் ஹாலில் எல்லாரும் வக்கீலின் முகத்தைப் பார்த்தார்கள். வக்கீல் மறு நிமிஷமே சுதாரித்தார்.

"அதுவும் சிக்கலாப் போச்சு வே. சரிப்படலைன்னதும் அவங்க என்ன செஞ்சாங்க? டிவிஷனைப் பெருசாக்கினாங்க! நாமளும் பெரிய மனசு பண்ணுவோம். உவரி மேல வரட்டும். யாரும் கீழ போக வேண்டாம். நாலு அஞ்சாகட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். பார்த்தீர்களா? தனக்கு வந்த கஷ்டத்தைத் தர்மமாக மாற்றி அடுத்தவனுக்குத் தானம் செய்துவிட்டார். சரித்திரம் படித்தவர்களிடம் இதுதான் வசதி. எந்தத் தப்புக்கும் அவர்களிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கும்.

இந்த வருஷம் மேல் டிவிஷனில் ஐந்து டீம். மேல் டிவிஷன் என்றால் வீட்டு மைதானம் உண்டு. ஆக, நான்கு டீமும் தலா ஒரு தடவை உவரிக்குப் போயாக வேண்டும். வரச் சொல்லி வராதவனுக்கு ஆட்டம் போயிற்று, காத்திருந்தவனுக்கு இரண்டு பாயிண்ட். இதையும் நான்தான் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன்.

உவரிக்காரர்கள் பாளையங்கோட்டைக்கு நான்கு தடவை வந்தார்கள். இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒன்று சமம்.

உவரிக்கு யார் போனது?

குமாஸ்தாக்களுக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஜவுளிக்கடைக்காரர்களுக்கு முகூர்த்த மாசம். வாத்தியார்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். வக்கீலின் கிளப்பில் ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "அந்த மீன் வாடையில எவன் ஓடுவான்?" அவருடைய வீட்டில் வாரம் நாலு நாள் மீன் குழம்பு என்பது எனக்குத் தெரியும். அது எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாரோ!

வக்கீலின் கிளப் போக வேண்டிய நாளில் செக்ரட்டரி என்ற முறையில் நான் போனேன். 'டீம் பின்னால் வருகிறது, நீர் முன்னால் போய்க் கோடு சரியா என்று பாரும்' என்று வக்கீலே சொல்லி அனுப்பியிருந்தார். நம்பினேன். சாத்தான்குளம் வழியாக, செம்மணல் மேடான தேரியைத் தாண்டி, இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தேன்.

மாதா கோவிலுக்குப் பின்னால் மணலை மேடு பள்ளம் இல்லாமல் நிரவி வைத்திருந்தார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் கோடு. கோல் போஸ்டுக்குப் பாய்மரக் கம்பு. அதன் பின்னால் வலை — இழுத்துக் கட்டிய புது மீன்வலை. கோலுக்கு வலை கட்டியிருப்பதைச் சீமைப் பத்திரிகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்களுக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சண்டை போட்டுக்கொள்வோம்.

அன்று ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. கட்டுமரமெல்லாம் கரையில் கிடந்தது. ஊரே கோட்டைச் சுற்றி நின்றது. பெரிய சட்டிகளில் சீலா மீன் குழம்பு. வருகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார்கள்.

நான்கு மணி என்று எழுதியிருந்தேன். நான்கானது. ஐந்தானது. தேரிப் பக்கம் வண்டி எதுவும் தெரியவில்லை.

"வருவாங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார் மிக்கேல்.

"வண்டி மணல்ல மாட்டியிருக்கும்" என்றேன்.

"மணல்ல மாட்டினா நாங்க போயித் தூக்கி விட்டிருப்பமே. ஆளைத் தேரி வரைக்கும் அனுப்பிப் பாத்தாச்சு. ஒரு வண்டியும் இல்ல." அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இது மூணாவது தடவ. ஒவ்வொரு தடவையும் தொழிலுக்குப் போவாம நிக்கோம்."

விதிப்படி, எதிரி வராவிட்டால் வந்த டீம் காலி கோலுக்குள் பந்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு பாயிண்ட். விசில் ஊதினேன். மிக்கேல் அசையவில்லை.

"போடும். விதி இருக்கு" என்றேன்.

"யாருமே இல்லாத கோலுலயா?"

"அப்பத்தான் பாயிண்ட்."

பெருவிரலால் லேசாகத் தள்ளினார். பந்து மணலில் பைய உருண்டு போய் அந்தப் புது வலைக்குள் நின்றது. யாரும் கைதட்டவில்லை. சுற்றி நின்ற ஊர் அப்படியே கலைந்தது. எனக்கு மட்டும் இலை போட்டார்கள். அத்தனை சட்டிக் குழம்புக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அதைவிடச் சவுக்கால் அடித்திருக்கலாம்.

நான்காவது டீமும் போகவில்லை. லீக் முடிந்தது. உவரிக்குப் பதின்மூன்று பாயிண்ட். முதலிடம்! வக்கீலின் கிளப்புக்கு ஆறு.

கமிட்டி கூடிய அன்று மிக்கேலும் வந்திருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கதவருகே நின்றுகொண்டே பேசினார்.

"வீட்டுல இருந்துக்கிட்டே கெடைச்ச அந்த எட்டு பாயிண்டு எங்களுக்கு வேண்டாம். நீங்களே வச்சிக்கிடுங்க. அதுக்குப் பதிலா ஒவ்வொரு டீமும் ஒரு தடவ அங்கன வந்து ஆடுங்க. தோத்தாலும் சரி, ஆடித் தோக்கோம்."

"பேஷ்! இதுதான் விளையாட்டு மனப்பான்மை!" வக்கீல் எழுந்து அவர் கையைக் குலுக்கி, வெளியே இருக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எழுதும் வே. உவரி டீம் தன் சொந்த விருப்பத்தில் எட்டுப் பாயிண்டை விட்டுக்கொடுத்தது. ஆட்டம் ஆடுவதைப் பற்றி — பின்னால் யோசிக்கப்படும்."

எழுதினேன். பதின்மூன்றில் எட்டு போக ஐந்து. ஆறுக்குக் கீழே ஐந்து. கடைசி இடம். கீழ் டிவிஷன்.

டேனியல் வாத்தியார் பாதி எழுந்து, "சார், போன வருஷம் மாதிரி யாரும் இறங்க வேண்டாம்னு..." என்றார்.

"சட்டம் சட்டம்தான் வாத்தியாரே. வருஷத்துக்கு ஒரு சட்டமா மாத்திக்கிட்டிருந்தா லீக்குக்கு என்ன மரியாதை?" என்றார் வக்கீல். முகத்தில் ஒரு சுளிப்பு? ஒரு வெட்கம்? ம்ஹூம்.

டேனியல் வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு அழகான கையெழுத்து!

வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றிருந்த மிக்கேலிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார், கத்துவார் என்று நினைத்தேன். டிவிஷனைப் பற்றியோ முதலிடத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்போ ஆட வரமாட்டீங்க?" அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தார்.

இதற்குப் பிறகுதான் வாழைக்காய்க் கடைக்காரர் என்னைப் பிடித்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தைரியம் இருந்திருந்தால் கமிட்டியில் அல்லவா பேனாவைக் கீழே வைத்திருப்பேன்?

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது டேனியல் வாத்தியார் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"பரீட்சைத் தாளு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அது பொய்யி. எனக்குத் தூக்கமே வரல. பள்ளிக்கூடம் லீவுதான். நாம போவோமா?"

"லீக்ல இது சேராதே வாத்தியாரே."

"சேர வேண்டாம்."

இரண்டு வண்டி கட்டினோம். பதினொரு வாத்தியார்கள், ஒரு முன்னாள் செக்ரட்டரி, அவர் வீட்டில் கிடந்த லீக் பந்து. தேரியில் வண்டி நிஜமாகவே மாட்டிக்கொண்டது. உவரியிலிருந்து ஆள் வந்து தூக்கிவிட்டார்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவா? மணலில் எங்கள் வாத்தியார்கள் ஓடியதை அவர்களுடைய மாணவர்கள் பார்க்காமல் போனது கர்த்தருடைய கிருபை. நாலுக்குப் பூஜ்யம். மூன்றாவது கோலைத் தடுக்கப் போன டேனியல் வாத்தியார் வலையில் சிக்கிக்கொண்டார். அவரை விடுவிக்க மிக்கேலே வர வேண்டியிருந்தது. "நல்ல பெரிய சீலா!" என்று யாரோ கத்தினார்கள். மிக்கேல் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல். நாங்கள் புரொட்டஸ்டண்டுகள், அவர்கள் கத்தோலிக்கர்கள். ஜெபம் யார் சொல்வது? இரண்டு பக்கமும் தயங்கியது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுருக்கமாக முடித்துக்கொண்டோம்.

பாயிண்ட்? கிடையாது. எந்த டேபிளிலும் அந்த நாலு கோல் ஏறாது.

நேற்று வக்கீல் ஆபீஸ் சேவகர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். ராஜினாமா ஏற்கப்பட்டதாம். ஆனால் லீக்குக்குச் சொந்தமான பந்தைக் கமிட்டியின் அனுமதியில்லாமல் வெளியூருக்கு எடுத்துச் சென்றது ஏன், அது இப்போது எங்கே என்று எழுத்து மூலம் விளக்க வேண்டுமாம்.

அழகான கையெழுத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன்: "பந்து உவரியில் இருக்கிறது — வந்து எடுத்துக்கொள்ளவும்."