கந்தக வளையல்

தர்மபுரத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து குடியேறி இரண்டு வருடமாகியிருந்தது. எனக்கு எட்டு வயது. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, விடுமுறைக்கு வந்திருந்தார்.

மாட்டுச் சொறிக்கு எண்ணெயில் குழைத்துப் பூசவென்று அப்பா வாங்கி வைத்திருந்த கந்தகத்தைக் கண்டதும் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து, ஒரு தகரப் பேணியில் போட்டுக் காய்ச்சினார். மஞ்சள் உருகித் தேன் போலாகி, பிறகு கறுத்துச் சிவந்து தடித்து, மறுபடியும் இளகியது. அதை வாளித் தண்ணீருக்குள் நூலாக ஊற்றினார். எடுத்துப் பார்த்தால் ரப்பர் போல இழுபட்டது.

"கந்தகத்திலை அணுக்கள் எட்டெட்டாக் கைகோத்து வட்டமா நிக்கும் பிள்ளை. நல்லாச் சூடாக்கினா வட்டம் அறுந்து, ஒண்டையொண்டு பிடிச்சு நீளச் சங்கிலியாப் போகும். அதுதான் இழுபடுது. ஆனா இது கனநாளைக்கு நிக்காது..."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் அதை என் மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிவிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமும் இல்லாத வளையல்.

மூன்றாம் நாள் அது வெளிறி மஞ்சள் பூத்தது. மத்தியானம் கிணற்றடியில் முறிந்து விழுந்தது. குளிக்கும்போது கழற்றி வைக்கும்படி அம்மா சொல்லியிருந்தார்; நான் கழற்றவில்லை. என்னால்தான் கெட்டுப்போனதென்று நினைத்தேன். சித்தப்பா சைக்கிளில் கடைக்குப் போயிருந்தார். அப்பா வயலில். அம்மா வாய்க்காலுக்குத் துணி தோய்க்கப் போகும்போது, அறையில் கட்டிய ஏணையில் நித்திரையாயிருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிப் போயிருந்தார். இரண்டு வயதுத் தம்பிக்கு அடிக்கடி முட்டு வந்து மூச்சு இழுக்கும்.

சித்தப்பா வருவதற்குள் புதிதாக ஒன்று செய்துவிடலாமென்று, மீதிக் கந்தகத்தைப் பேணியில் போட்டுக் குசினி அடுப்பில் வைத்தேன். உருகியது. சிவக்கட்டும் என்று இன்னும் இரண்டு சுள்ளி தள்ளினேன். பேணியின் வாயில் நீலச் சுவாலை ஓடியது. புகை தொண்டையைக் கீற, கண் தெரியாமல் வெளியே ஓடினேன். குசினிக்கும் அறைக்கும் நடுவில் அரைச்சுவர்தான் என்பது முற்றத்தில் நின்று இருமும்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே தம்பி இருமினான். பிறகு இருமல் கேட்கவில்லை. நான் முற்றத்திலேயே நின்றேன்.

சித்தப்பா வாசல் படலையடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு, சேட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அவர் தூக்கி வந்த தம்பியின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்பியது. அவர் போட்ட சத்தத்தில் அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள். பக்கத்துக் காணிக்காரரின் டிராக்டரில் தம்பியைக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நானும் சித்தப்பாவும் வீட்டில் நின்றோம். அவர் ஈரச் சாக்குப் போட்டு நெருப்பை அணைத்து, பேணியைத் தூரத்தில் புதைத்தார். பிறகு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், என் விரல்களைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். ரோட்டில் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் படலைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். தம்பி அம்மாவின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான்.

"ஆர் உந்தக் கந்தகத்தை அடுப்பிலை வைச்சது?" என்று அப்பா கேட்டார்.

"நான்தான் அண்ணை. வைச்சிட்டு, மறந்துபோய்க் கடைக்குப் போயிட்டன்," என்றார் சித்தப்பா.

"படிச்ச பிள்ளை செய்யிற வேலையே?"

அம்மா அன்றிரவு சித்தப்பாவுக்குச் சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விடுமுறை இன்னும் பத்து நாள் இருக்க, அடுத்த நாள் காலையே சித்தப்பா பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். பிறகு வந்த எந்த விடுமுறைக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பஸ் வரும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அவர் என் தலையைத் தடவிவிட்டு ஏறினார். பஸ் போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தான் வைக்காததை வைத்ததாக அவருக்கு எப்படி ஞாபகம் வந்ததென்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அளவுக்குமிஞ்சிப் படித்தால் மறதி வருமென்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது உண்மைதான் என்று எனக்குத் தோன்றியது.