வயிற்றுக்குள் போகாத பாட்டில்கள்

ஈய உருக்காலையின் சோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவளை எல்லோரும் பாட்டிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடம் கழுவிய கை. குறுகிய வாய்க்குள் விரல் நுழைய வேண்டுமென்று கையுறையைக் கழற்றிவிடுவாள், விரல்நுனியெல்லாம் வெடிப்பு. எந்தப் பாட்டிலில் என்ன இருந்தது என்று, ஒட்டிய சீட்டைப் படிக்காமலே அந்த வெடிப்புகள் அவளுக்குச் சொல்லிவிடும்.

அங்கே வெந்நீர்த் தொட்டிக்குள் பாட்டில்களைத் தலைகீழாகப் புரட்டும் எந்திரம் ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வயிறு'. ஆலையைச் சுற்றி எடுத்துவந்த மண்ணைப் பாட்டிலில் போட்டு, இரைப்பையில் இருக்கும் அளவுக்குப் புளிப்பான அமிலத்தை ஊற்றி, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டுவார்கள். அந்த மண்ணைத் தின்றால் உடம்பு எவ்வளவு ஈயத்தை உறிஞ்சும் என்று ஓரளவு தெரிந்துபோகும். வயிற்றுக்குப் போய்வந்த பாட்டிலைத் தொட்டால் அவள் விரல் சுரீரென்று எரியும்.

வீடு ஆலைக்குப் பின்தெருவில். சின்ன மகளுக்கு இரண்டு வயது. முற்றத்து மண்ணில் இறக்கிவிட்டால் கை வாயில்தான். ரத்தத்தில் ஈயம் என்று வந்த சோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவங்க உடம்பு பத்துல ஒரு பங்கு ஈயத்தை எடுத்தா, பிள்ளைங்க உடம்பு பாதியை எடுத்துக்கும்மா. சுண்ணாம்புச் சத்துன்னு ஏமாந்து எலும்புக்குள்ள வச்சுப் பூட்டிக்கும். மருந்து அப்புறம். முதல்ல அந்த மண்ணை மாத்தச் சொல்லுங்க."

மாற்ற வேண்டியது ஆலை. சோதித்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. சோதித்தது. சொல்வதற்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டமும் போட்டது.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரி மைக்கைப் பிடித்தார். பளபளக்கும் ஷூ, அதைவிடப் பளபளக்கும் பேச்சு.

"மண்ணுல ஈயம் இருக்கு. நான் மறைக்கலை. ஆனா கல்லு மாதிரி ஈயம். வாய்வழியா போனாலும் அப்படியே வெளிய வந்துடும். சோதனையில நூத்துல ஒரு பங்குகூடக் கரையலை. மண்ணை மாத்த அவசியமே இல்லை."

முன்வரிசையில் மேஸ்திரிகள் கை தட்டினார்கள். கேட்காமலே தட்டும் கைகள் அவை.

பாட்டிலக்கா எழுந்தாள். உலையில் வேலை செய்யும் அவள் கணவன் கையைப் பிடித்து இழுத்தான். "உக்காருடி. நாளைக்கு எனக்கு வேலை இருக்கணும்."

"உங்க பொண்ணும் இருக்கணும்" என்று கையை உதறினாள். "எதுல கரையலை சார்?"

"சோதனையிலம்மா."

"அதான், எதுல போட்டுச் சோதிச்சீங்க?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"புரியாதுதான். ஆனா நம்ம தெரு பாட்டில் நாப்பதையும் கழுவினவ நான். ஒண்ணுகூட என் விரலை எரிக்கலையே! ஒண்ணுமே வயித்துக்குள்ள போகலை. பச்சைத் தண்ணியில குலுக்கிட்டு வந்து கதை சொல்றீங்க."

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப நம்ம பிள்ளைங்க வயித்துல குழாய்த் தண்ணியாக்கா ஓடுது?" என்றான். கூடமே சிரித்தது.

அதிகாரி பக்கத்திலிருந்த சோதனைக்கூடத்துக்காரரை முறைத்தார். அந்த மனுஷன் பயந்தவர். ஆனால் மைக் பயப்படவில்லை. "தண்ணியில பண்ணச் சொன்னது நீங்கதானே சார்" என்று அவர் முணுமுணுத்தது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

டாக்டரம்மா எழுந்தார். "நாளைக்கே வயித்துல போடுங்க. நான் கூட நிக்கிறேன்."

போட்டார்கள். அந்தப் பாட்டில்களையும் பாட்டிலக்காதான் கழுவினாள். விரல் எரிந்த எரிச்சலிலேயே, இந்தத் தடவை வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரைந்த ஈயம் என்று தாளில் வந்தது: நூற்றுக்கு அறுபத்தெட்டு.

முந்தைய சோதனை தவறல்ல, திரவம்தான் வேறு என்று ஆலை ஒரு அறிவிப்பு ஒட்டியது. வெட்கம் மட்டும் எந்தத் திரவத்திலும் கரையாது போலிருக்கிறது. வேலை போய்விடும் என்று நடுங்கிய கணவனோ, "நான்தான் கேக்கச் சொன்னேன்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான்.

மண் வெட்டும் எந்திரம் முற்றத்தில் இறங்கிய அன்று அதிகாரியும் படம் எடுத்துக்கொள்ள வந்தார். திரும்பும்போது, காரில் ஏறுமுன் கைக்குட்டையால் ஷூவின் அடியை இரண்டு முறை துடைத்தார்.

சின்னவளை இடுப்பில் வைத்திருந்த பாட்டிலக்கா சும்மா விடவில்லை. "என்ன சார் துடைக்கிறீங்க? கல்லு மாதிரி ஈயம்தானே!"

கார்க் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சின்னவள் விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். பாட்டிலக்கா அதைப் பிடித்து, கழுவக் கூட்டிப்போனாள்.