இருபத்து மூன்று ஊர் மெட்ரோவும் என் தம்பி போலாத்தும்

என் தம்பி போலாத் இருபத்து மூன்று ஊர்களின் மெட்ரோ ரயிலில் போயிருக்கிறான். நான் ஒரே ஒரு ஊரில்தான். அந்த ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் என்று சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவன் டோக்கியோவில் அரை நாள் சுற்றியதைச் சொன்னால் எங்கள் தெருவே தேநீரை ஆறவிட்டுக் கேட்கிறது.

தாஷ்கண்ட் மெட்ரோவில் எஸ்கலேட்டர் பராமரிப்பு என் வேலை. காலையில் முதல் ஆள் கால் வைப்பதற்கு முன் படி ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, சங்கிலியின் சத்தத்தைக் கேட்டு, கைப்பிடியும் படியும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்று பார்ப்பேன். கைப்பிடி கொஞ்சம் முந்தினாலும் வயதானவர்கள் முன்னால் சாய்ந்துவிடுவார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் என் படியில் யாரும் சாயவில்லை.

போலாத் என்னைவிட ஐந்து வயது இளையவன். அப்பா எங்கள் இருவரையும் ஒரே பயிற்சியாளரிடம் குராஷ் மல்யுத்தம் கற்கச் சேர்த்துவிட்டார். "பெரியவனுக்குத்தான் நல்ல பிடி" என்று அவர் அப்பாவிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். அடுத்த வருடமே அப்பா போய்விட்டார். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு தொழிற்பயிற்சிப் பள்ளி, ராணுவம், மெட்ரோ என்று போனேன். நல்ல பிடி உள்ளவன் ஸ்பானரைப் பிடித்தான். மற்றவன் மல்யுத்தம் செய்தான். அவன் ஜெயித்து வந்த ஒவ்வொரு தடவையும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவன் நான்தான். அதில் பொய் இல்லை. வீட்டுக்கு வந்து இறக்கிவிட்ட பிறகு தோள் வலித்ததும் பொய் இல்லை.

முப்பது வயதில் முட்டி போனதும் போலாத் நடுவரானான். அதன் பிறகுதான் விமானம் ஏறத் தொடங்கினான். எந்த நாட்டில் குராஷ் போட்டி நடந்தாலும் கூப்பிட்டார்கள். முதல் பயணம் இஸ்தான்புல். மற்ற நடுவர்கள் கடைவீதிக்குப் போக, இவன் மெட்ரோவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்த் திரும்பி, பயணச்சீட்டைப் பத்திரமாக எடுத்துவந்து என் கையில் கொடுத்தான்.

"நீங்க எப்பவும் மெட்ரோ மெட்ரோன்னு சொல்லிட்டே இருப்பீங்களே, அதான் பாத்துட்டு வந்தேன் அண்ணே."

"எஸ்கலேட்டர் எப்படி?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? கைப்பிடி படியோட சேந்து போச்சா, முந்துச்சா?"

"அதையெல்லாம் யாருண்ணே பாக்கறா?"

நான் பார்ப்பேன். என்னை அனுப்பியிருந்தால் பார்த்திருப்பேன்.

அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. மாஸ்கோ, சியோல், டெல்லி, பாரிஸ், புடாபெஸ்ட், கோபன்ஹேகன் என்று போன ஊரிலெல்லாம் ஒரு தடத்தில் முழுதாகப் போய் வருவான். பச்சை அட்டை நோட்டு ஒன்றில் அந்த ஊருக்கு மல்யுத்தக் கணக்கிலேயே தீர்ப்பு எழுதுவான். முதுகு தரையில் முழுதாகப் படும்படி எறிந்தால் ஹலோல், அதோடு ஆட்டம் முடிந்தது. பாதி என்றால் யொன்போஷ். அதற்கும் கீழே சலா. சும்மா நிற்பவனுக்கு எச்சரிக்கை, அதன் பெயர் தன்பேஹ். எனக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒரு பயணச்சீட்டு வரும். அவற்றைத் தேதி வாரியாக பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். திறந்தால் வயிறு எரியும். திறக்காமலும் இருக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்று வந்து எங்கள் முறைவிருந்தில் சேர்ந்தான். தெருவில் பதினொரு பேர் நாங்கள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மதியம் ஒருவர் வீட்டில் பிலாவ் சோறும் பேச்சும். வாசலுக்கு நேர் எதிரே, சுவரோரம் இருப்பது மரியாதைக்குரிய இடம். வயதில் மூத்தவன் என்பதால் ஆறு வருடமாக நான் அங்கே உட்கார்ந்துவந்தேன். போலாத் சேர்ந்த இரண்டாவது விருந்தில் டாக்சி ஓட்டும் எர்காஷ் ஆரம்பித்தான்.

"போலாத், நீ மேல போய் உக்காரு. வாசல்கிட்ட இருந்து பேசினா எங்களுக்குக் காதுல விழல. ஹம்தம் அண்ணே, கொஞ்சம் நகருங்க, உலகம் உள்ள வரட்டும்."

நகர்ந்தேன். தரையில் விரித்த உட்காரும் மெத்தை ஒன்றின் அளவு. அடுத்த விருந்தில் இரண்டு மெத்தை.

சென்ற இலையுதிர் காலத்தில் விருந்து என் வீட்டில். போலாத் சுவரோரம் உட்கார்ந்து சியோலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். "பெட்டியோட ரெண்டு கடைசியிலயும் வயசானவங்களுக்குன்னு சீட்டு. நிக்க இடமில்லாத கூட்டத்துலயும் அது காலியா கிடக்கும், ஒரு பய தொட மாட்டான். டோக்கியோவுல எல்லாரும் தூங்கறான். ஆனா அவன் எறங்க வேண்டிய இடம் வந்தா கண்ணு தானா தொறந்துக்குது. புடாபெஸ்ட்ல ஒரு பழைய தடம், பத்துப் படி எறங்கினா ரயிலு, பாதாள அறைக்கு ஊறுகா எடுக்கப் போற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி ஆய்தின்கூடக் கதவருகே நின்று சிரித்தாள். நான் முப்பத்து நான்கு வருடத்தில் சொன்ன ஒரு கதைக்கும் அவள் அங்கே வந்து நின்றதில்லை.

தேநீர் ஊற்றுவது வீட்டுக்காரன் வேலை. எங்கள் ஊரில் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் விருந்தாளி இன்னும் இருக்க வேண்டும் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று சொல்வது போல. என் கை எப்படிப் போனது என்று தெரியவில்லை. போலாத்தின் கிண்ணம் விளிம்பு வரை நிறைந்துவிட்டது.

எர்காஷ் விசிலடித்தான். "அண்ணன் தம்பிக்கு டாக்சி சொல்லிட்டாரு. நான் வண்டியை எடுக்கவா?"

"கை நடுங்கிடுச்சு" என்றேன்.

போலாத் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தான். எர்காஷ் விடவில்லை. "அது கிடக்கட்டும். நம்ம தாஷ்கண்ட் மெட்ரோவுக்கு என்ன தீர்ப்பு குடுத்த?"

"இன்னும் குடுக்கல."

"ஏன்?" என்று கேட்டது நான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "இருபத்து மூணு ஊருக்கு எழுதின. பொறந்த ஊருக்கு ஒரு பக்கம் இல்லையா?"

"ஒரு தடம் முழுசா போனாத்தான் எழுதுவேன் அண்ணே. இங்க எங்க போனேன்? எப்பவும் யாராவது கார்ல வந்து கூட்டிட்டுப் போயிடறாங்க."

"வியாழக்கிழமை என்னோட வா."

"அடுத்த விருந்து போலாத் வீட்டுல. அங்க தீர்ப்பு சொல்லணும், எல்லாரும் சாட்சி" என்று எர்காஷ் தரையைத் தட்டினான்.

என் முப்பத்து நான்கு வருடமும் அந்தப் பச்சை நோட்டின் ஒரு வெற்றுப் பக்கத்தில் போய் நின்றது. ஹலோல் எழுதினால் நான் என் சுவரோரத்துக்குத் திரும்பிவிடலாம். சலா எழுதினால் இனி எதைக் கொண்டு அங்கே உட்கார்வது?

புதன்கிழமை தனியாகப் போய் ஒத்திகை பார்த்தேன். பத்தரை மணி வண்டியில் கூட்டம் அளவாக இருந்தது. எந்தப் பெட்டியில் ஏறினால் பக்தகோர் நிலையச் சுவரின் பருத்திப் பூ வேலைப்பாடு ஜன்னலுக்கு நேராக வரும் என்று குறித்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்றை நம்பியிருந்தேன். எங்கள் ஊரில் நரைத்த தலை உள்ளே வந்தால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஸ்பிரிங் போல எழுந்துவிடுவார்கள். அதற்கென்று தனி சீட்டோ எழுதிய பலகையோ வேண்டாம். சியோல்காரன் இதைப் பார்க்கட்டும்.

வியாழக்கிழமை ஏறினோம். நினைத்தபடியே கல்லூரிப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்தாள். எழுந்து, என்னைத் தாண்டிப் போய், போலாத்தின் கையைத் தொட்டாள். "பெரியப்பா, உக்காருங்க."

அவனுக்குத் தலை முழுக்க வெள்ளை. எனக்கு இன்னும் கறுப்புதான் அதிகம். அந்த ஒரு சீட்டுக்கும் நான் பொறாமைப்பட்டேன். அதுவும் என் மெட்ரோவில்.

போலாத் நகர்ந்து நின்றான். "அண்ணே, நீங்க உக்காருங்க."

"நீ உக்காரு. உன்னைத்தான கூப்பிட்டா."

"நீங்க நிக்கறப்ப நான் எப்படி உக்காருவேன்?"

"நீ இன்னிக்கு என் விருந்தாளி. விருந்தாளி நிக்க, நான் உக்காரவா?"

இதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த இரண்டு பையன்களும் எழுந்தார்கள். இப்போது இடம் இரண்டு பேருக்கும் தாராளமாக இருந்தது. ஆனால் யார் முதலில் உட்கார்வது என்பது அப்படியே இருந்தது.

"நீங்க மூத்தவரு, மொதல்ல நீங்க."

"நீ நடுவர், மொதல்ல நீ."

மூன்று சீட்டு காலி. எதிரே தர்பூசணி மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி, "யாராவது ஒருத்தர் உக்காருங்கப்பா, எங்களுக்குக் கழுத்து வலிக்குது" என்றாள். நாங்கள் உட்காரவில்லை. எழுந்தவர்களும் திரும்ப உட்காரக் கூச்சப்பட்டார்கள். பக்தகோர் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. ஒரு பூவைக்கூட நான் அவனுக்குக் காட்டவில்லை. கடைசி நிலையம் வரை ஐந்து பேர் நின்றுகொண்டே போனோம். திரும்பி வரும்போதும் அதே கதை, வேறு சீட்டு.

அடுத்த விருந்தில் போலாத் பச்சை நோட்டைக் கொண்டுவந்து விரிப்பின் மேல் வைத்தான். பிலாவ் தட்டு வந்தது. யாரும் கை வைக்கவில்லை.

"மொதல்ல, பயணிகள் ரெண்டு பேருக்கும் தன்பேஹ்" என்றான். "வண்டி முழுக்கச் சும்மா நின்னதுக்கு."

பதினொரு பேரும் உருண்டு சிரித்தார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"மெட்ரோவுக்கு?" என்றான் எர்காஷ்.

போலாத் நோட்டை என் பக்கம் தள்ளினான். "சொந்தக்காரன் களத்துல எறங்கினா நடுவர் விலகிக்கணும். இது விதி. அந்தப் படியில எல்லாம் அண்ணன் கை பட்டிருக்கு. நான் எழுத முடியாது. நீங்களே எழுதுங்க அண்ணே."

பேனாவைக் கையில் எடுத்தேன். பத்துப் பேர் என் விரலைப் பார்த்தார்கள். ஹலோல் என்பது சின்னச் சொல். எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் கைப்பிடியின் வேகத்தைப் பார்க்காமல் ஒரு நாளும் படியைத் திறந்துவிட்டவன் இல்லை. எதோடு ஒப்பிட்டு எழுதுவது? என் மனதில் இருந்தது ஒரே ஒரு மெட்ரோ. மற்றதெல்லாம் டப்பாவில் கிடந்த பயணச்சீட்டுகள்.

"இன்னொன்னைப் பாக்காம எழுத மாட்டேன்" என்று பேனாவை மூடினேன்.

"இந்த வயசுல எங்க போவீங்க? பாரிஸா?" என்றான் எர்காஷ்.

"அல்மாட்டி."

போலாத்தின் முகம் மாறியதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பக்கத்து நாட்டு அல்மாட்டிக்கு அவன் நான்கு தடவை போயிருக்கிறான். எல்லாம் அங்கே மெட்ரோ திறப்பதற்கு முன்னால். நோட்டில் அந்த ஊர் இல்லை.

"எனக்கும் ஒரு டிக்கெட் சேத்து எடுங்க அண்ணே" என்றான் மெதுவாக.

"நீ இருபத்து மூணு பாத்தாச்சு."

தனியாகத்தான் போனேன். அல்மாட்டியில் ஒரே தடம், பதினொரு நிலையங்கள். மூன்று முறை முழுதாகப் போய் வந்தேன். எஸ்கலேட்டர் எங்களுடையதைவிட நீளம். முதலில் அந்த நீளமே எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு படி எனக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். கைப்பிடியில் கையை வைத்து அடி வரை போனேன். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. வேலை தெரிந்த எவனோ ஒருவன் காலையில் பார்த்திருக்கிறான். ஆனால் அடுத்த வண்டிக்கு எங்கள் ஊரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கடிகாரம் பார்த்து எழுதிக்கொண்டபோது மனசு கொஞ்சம் குளிர்ந்தது. வண்டியில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். வாதாட யாரும் இல்லாததால் உடனே உட்கார்ந்தேன்.

போலாத் இரண்டு தடவை போனில் கூப்பிட்டான். "எப்படி இருக்கு அண்ணே?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"எஸ்கலேட்டராவது எப்படின்னு..."

"இருந்துச்சு."

அந்த ஞாயிறு விருந்தை எர்காஷ் வீட்டில் வைக்க வேண்டியது. ஆனால் போலாத் தன் வீட்டிலேயே மறுபடி வைப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். நான் வாசலருகே உட்காரப் போனேன். எர்காஷ் தோளைப் பிடித்துச் சுவரோரம் தள்ளினான். "மேல போங்க ஹம்தம் அண்ணே, காதுல விழணும்ல." நான் படியின் நீளத்திலிருந்து தொடங்கினேன். கைப்பிடி, சங்கிலிச் சத்தம், காத்திருந்த நிமிடங்கள். யாரும் எழுந்து போகவில்லை. போலாத்தின் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் நோட்டைத் திறந்து அல்மாட்டிக்கு யொன்போஷ் எழுதினேன். அடுத்த பக்கத்தில் தாஷ்கண்டுக்கும் யொன்போஷ் எழுதினேன்.

"ஏன் அண்ணே ஹலோல் போடல?" போலாத்துக்கு உண்மையிலேயே கோபம். "நான் எழுதியிருந்தா போட்டிருப்பேன்."

"முதுகு முழுசா படணும்ல? ரெண்டே ரெண்டு ஊர் பாத்தவன் எப்படிப் போடறது? இன்னும் பாக்கணும். வசந்த காலத்துல பாகு ஊருக்குப் போறேன்."

பாகுவும் அவன் நோட்டில் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

போலாத் கெட்டிலை எடுத்தான். வீட்டுக்காரன் அவன், ஊற்ற வேண்டியதும் அவன்தான். என் கிண்ணத்தில் தேநீர் பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, விளிம்பைத் தொட்டு நின்றது. எர்காஷ் விசிலடிக்க வாயைக் குவித்தான்.

"கை நடுங்கிடுச்சு" என்றான் போலாத்.

ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு கையாலும் தூக்கினேன். என் பிடி நல்ல பிடி. முழுவதையும் குடித்துவிட்டு, எழுந்திருக்காமல், கிண்ணத்தை மறுபடி அவன் பக்கம் நீட்டினேன்.