இருக்கைக்கு அடியில் இன்னொரு ஹெல்மெட்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. படையலுக்கு வந்து, பந்தியில் இடம் கிடைக்கும் வரை இந்த நினைவு மலரைப் புரட்டும் உங்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அக்காவைச் சந்தேகப்பட்டவர்கள். சங்கடப்பட வேண்டாம். அந்தச் சங்கத்துக்கு நான்தான் தலைவர்.

அக்கா கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளையும் காட்டுக்கு நடுவே பிறந்தவர். அவர் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அதன்பின் தேர்வு எழுதி வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, எங்கள் அம்மாவையும் என்னையும் தாங்கினார். அதில் என்னைத் தாங்கியதுதான் பெரிய சாதனை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது.

பல வருஷம் பேருந்தில் நின்றபடியே போய்வந்தவர், நாற்பதைத் தாண்டியதும் அந்தப் பெரிய ஸ்கூட்டரை வாங்கினார். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, சோபா மாதிரி இருக்கை, அதற்கடியில் அரை மூட்டை அரிசி கொள்ளும் பெட்டி. வாரநாட்களில் அலுவலகம் போவார். ஞாயிறு விடிந்ததும் எங்கோ கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்புவார். எங்கே என்றால் “சும்மாதான்” என்பார். நம் குடும்பத்தில் சும்மா யாரும் எங்கும் போனதில்லை. கல்யாணம், சாவு, கோயில், கோர்ட்டு, இதில் ஒன்று இருந்தால்தான் செருப்பையே மாட்டுவோம்.

ஒருநாள் மழைக் கோட்டு தேடி இருக்கையைத் தூக்கினேன். உள்ளே புத்தம்புதுக் கறுப்பு ஹெல்மெட் ஒன்று இருந்தது. அக்காவின் சிவப்பு ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் இது? பற்ற வைத்தால் எரியும் என்று தெரிந்தே அம்மாவிடம் சொன்னேன்.

“யாருக்குடி அது?” என்றார் அம்மா.

“பின்னால ஒக்கார்றவங்களுக்கு.”

“யாரு ஒக்கார்றாங்க?”

“இன்னும் யாரும் ஒக்காரல.”

“மொதல்ல அந்த வண்டிய வித்துட்டு வா.”

“வித்துட்டு? ஆபீசுக்கு உன் முதுவுல ஏறிப் போவவா?”

அதோடு பேச்சு நின்றது. ஒரே வீட்டில் இருவரும் என் வழியாகப் பேசினார்கள். “ரசம் ஆறுதுனு அவகிட்ட சொல்லுடா” என்பார் அம்மா. அக்கா சாப்பிட்டு எழும் வரை அம்மா சாப்பிட மாட்டார். தட்டில் கைவைத்தாலும் பாதியில் எழுந்துவிடுவார். மாதக்கணக்கில் அம்மா இளைத்துக்கொண்டே போனார். அக்கா வண்டியை இன்னும் பளபளப்பாகத் துடைத்தார். நானோ வாரம் தவறாமல் அந்த இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு, அம்மாவின் ஆணைப்படி என் மொபெட்டில் அக்காவைப் பின்தொடர்ந்தேன். ஹெல்மெட் இல்லாமல்தான். என் தலைக்கு எந்தக் கடையிலும் அளவு கிடையாது. போலீஸ்காரர்களே என் தலையைப் பார்த்துவிட்டு மனமிரங்கி விட்டதுண்டு. திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கம் ரோட்டில், வேவு பார்க்கக் கிளம்பியவனுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. சாலையோரம் நின்று மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தபோது, போன ஸ்கூட்டர் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றது.

“சைடு கண்ணாடியில மலை தெரியும்னு பாத்தா, உன் மண்டதான் தெரியுது. இன்னாடா, எவ்ளோ தூரம் வர்றதா உத்தேசம்?”

அக்கா இருக்கையைத் திறந்து அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை நீட்டினார். “போடு.”

வாங்கி முதலில் மோந்து பார்த்தேன். யாருடைய தலை எண்ணெயும் மணக்கவில்லை. பிறகு தலையை நுழைத்தேன். காதில் இடிக்காமல், வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“சென்னையில சொல்லி வெச்சு வாங்கினேன். வண்டி எடுத்த வாரமே” என்றார். “நீயா வந்து கேப்பேனு பாத்தேன். நீ சீட்டத் தூக்கித் தூக்கிப் பாத்ததோட சரி.”

மொபெட்டை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு அக்காவின் பின்னால் ஏறினேன். எங்கே போகிறோம் என்று கேட்டேன். டேங்க் பாதி ஆனால் திரும்பிவிடுவேன் என்றார். அவ்வளவுதான் நாம் தேடிய ரகசியம்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குள் போனேன். அம்மா அதை என் தலையிலிருந்து உருவி, உள்ளே எட்டிப் பார்த்து, தன் தலையில் கவிழ்த்தும் பார்த்தார். அது தோள்வரை இறங்கியது. உள்ளிருந்து குரல் வந்தது. “இவன் மண்டைக்காடி இத்தினி நாளு நான் சோறு திங்காம கெடந்தேன்?”

அக்கா சிரித்தார். “தின்னு இப்ப. ரசம் ஆறுது.”

அதன்பின் ராமேசுவரம், கன்னியாகுமரி, கோவா என்று அந்த ஸ்கூட்டரில் போகாத திசை இல்லை. கடைசி மாதங்களில் மருத்துவமனைக்கும் அதிலேதான் போவேன் என்றார். நான் ஓட்டினேன். “பால்குடம் எடுத்துனு போற மாதிரி போறியேடா, முறுக்கு” என்று பின்னாலிருந்து முதுகில் குத்தினார்.

அக்காவை இரவுபகலாகக் கவனித்த செவிலியர்களுக்கும், அலுவலகத் தோழிகளுக்கும், வண்டியைக் கூலி வாங்காமல் பழுது பார்த்துத் தந்த மெக்கானிக் அண்ணனுக்கும், சந்தேகப்பட்டாலும் கடைசி நாளில் முதல் ஆளாக ஓடி வந்த உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போது அந்த ஸ்கூட்டரில் நான் வேலைக்குப் போகிறேன். போன வாரம் என் மனைவி இருக்கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, சின்னதா இன்னொரு ஹெல்மெட் கீது? யாருக்கு?” என்றாள். “ஒக்கார்றவங்களுக்கு” என்றேன். அன்றிலிருந்து பேச்சில்லை. அவள் இன்னும் அதில் தலையை விட்டுப் பார்க்கவில்லை. இந்த மலரைக் கடைசி வரி வரை படித்தால் பார்ப்பாள்.