தொட்டியில் வாங்கிய பேர்

கிருபையின் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே மூச்சுத் திணறியது. ஞானஸ்நானமாவது கொடுத்துவிடலாம் என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். விளாத்திகுளம் பக்கமிருந்து உப்பளத்து வேலைக்கு வந்தவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஆள் இல்லை. அடுத்த குடிசைத் தொம்மை சங்கு குளித்துவிட்டு வந்த ஈர வேட்டியோடு உள்ளே வந்து, பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு ஞானத்தகப்பன் தன் குடும்பப் பேரைக் கொடுப்பது அந்தத் தெருவின் பழைய வழக்கம். "கர்வாலோன்னு எழுதுங்க, சாமி" என்றார்.

ஆண்டவர் இரங்கினார். ஜெபசெல்வி பிழைத்துக்கொண்டாள். பேர் கொடுத்ததைத் தொம்மை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தப் பேரில் அவருக்குப் பெருமை உண்டு. தென்னந்தோப்பும் உப்பளமும் வைத்திருந்த பெரிய வீட்டுக்கும் அதே பேர்தான். தொம்மையின் பாட்டனார் கைப்பிள்ளையாக இருக்கையிலே தகப்பனைக் கடலில் பறிகொடுத்தவர். அன்றைக்குப் பெரிய வீட்டு முதலாளி ஞானத்தகப்பனாக நின்று பேரைக் கொடுத்தார். தோப்போரத்தில் ஒரு துண்டு மணலையும் ஞானத்தகப்பன் சீர் என்று எழுதிக் கொடுத்தார். அந்த மணலில்தான் ஆறு குடிசைகள். அதன் காகிதம் தொம்மையின் மரப்பெட்டியில் இருந்தது.

பேர் ஒன்றானாலும் பெரிய வீட்டார் அவரைச் சொந்தமென்று சொன்னதில்லை. திருவிழாவுக்குப் போனால் பின்வாசலில்தான் சாப்பாடு. "ஏலே கர்வாலோ, உன் பங்களா ஒழுகுதாமே" என்று கூடச் சங்கு குளிப்பவர்கள் கேலி பேசுவார்கள். தொம்மை சிரிப்பார். "அவுக பாட்டன் பரங்கிக் கப்பல்காரன்கிட்ட ஞானஸ்நானத் தொட்டியில வாங்குன பேரு. எம் பாட்டன் அவுககிட்ட தொட்டியில வாங்குனான். தண்ணி ஒண்ணுதாம்ல."

எழுபத்து மூன்றில் புதுத் துறைமுக வேலை நடக்கையில் கரையோர மணலுக்கெல்லாம் கிராக்கி வந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய வீட்டு வாரிசு லியோன், தொம்மையின் கையைப் பிடித்து முன்வாசல் வழியாகவே கூட்டிப்போனார். நாற்காலி போட்டு, கண்ணாடிக் குவளையில் ஒயின் கொடுத்து, "சித்தப்பா" என்று கூப்பிட்டார். தோப்பில் வெளியாள் எவனும் பாத்தியதை கேட்டு வராமலிருக்கக் குடும்பத்தார் எல்லாரும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம், பழைய காகிதமும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்றார்.

தொம்மை பெட்டியைத் திறக்க வந்தபோது, யாரிடமாவது வாசித்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கிருபை சொல்லிப் பார்த்தாள். அவருக்குத் தன் பேரை எழுத மட்டுமே தெரியும்.

"சித்தப்பான்னு வாய் நிறையக் கூப்பிட்டான், தாயி. அவங்கிட்டப் போயி சந்தேகம் கேக்கவா?"

முழுப்பேரையும் நிறுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய காகிதத்தையும் கொடுத்துவிட்டு வந்தார்.

தோப்பு மொத்தமும் பெரிய வீட்டுச் சொத்து, குடிசைக்காரர்கள் தயவில் இருக்கிற வேலையாட்கள், சொன்ன அன்றைக்குக் காலி செய்வார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று மாதத்தில் முள்கம்பி வந்தது. தொம்மை முன்வாசலுக்குப் போனார். பின்பக்கம் வரச் சொன்னார்கள். போய் நின்றார், அந்தக் கதவும் திறக்கவில்லை.

ஆறு குடிசையையும் ஒரே காலையில் பிரித்துப் போட்டார்கள். "நாற்காலியில உக்காந்துட்டு வந்தீயளே, இப்ப நாங்க பாய் விரிக்க மண்ணு எங்க?" என்று குடிசைக்காரர்களில் ஒருவனான செல்வதுரை கேட்டான். அதன்பிறகு தெருவில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. கடலில் மூழ்கினாலும் முன்போல் மூச்சை அடக்க முடியவில்லை. விளாத்திகுளம் பக்கம் விறகை மூடி எரித்துக் கரிமூட்டம் போடுகிற வேலைக்குக் கிளம்பினார். கடலுக்கடியில் மூச்சடக்கியவர் அந்தப் புகையில் இருமி இருமி, தவக்காலம் முடியுமுன்னே போய்ச் சேர்ந்தார். எந்தக் கல்லறையில் வைத்தார்கள், சிலுவையில் என்ன பேர் எழுதினார்கள் என்று கிருபைக்கு இன்றுவரை தெரியாது.

அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது அவளும் பிள்ளையும்தான். தொம்மை ஜெபசெல்வியின் நெற்றியில் சிலுவை போட்டார். பஸ் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"ஜூன்ல பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேப்பேல்லா, அப்ப எம் பேரை எழுதிராத, தாயி. உன்னைப் பெத்த அய்யா பேரை எழுது. அவரு உனக்கு நெசமாவே சொந்தம்."